ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் தொடங்குங்கள்

சட்டக் கல்லூரியை விட்டு வெளியே வரும் பிள்ளைகளிடம் "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால், காணிச் சட்டத்தில் ஆர்வமுள்ளவர்கள் மாவட்ட நீதிமன்றத்தைத்தான் சொல்வார்கள். பாகப்பிரிவினை வழக்கு, நான்கு தலைமுறை உறுதிகள், மங்கிப்போன நில அளவைப் படம், சாட்சிக் கூண்டில் வயதான நொத்தாரிசு. கரையோரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அது சரி. நுவரெலியா, ஹட்டன் பக்கம் தொழில் செய்ய வருகிறவருக்கு நான் சொல்வது வேறு. முதல் நான்கைந்து வருடம் நீதவான் நீதிமன்றத்தை விடாதீர்கள்.

காரணம் எளிது. தோட்டத்தில் இருப்பவரிடம் உறுதி இல்லை. உறுதி இல்லாதவருக்குக் கூறிடவும் ஒன்றுமில்லை, உரித்து நிலைநாட்டும் வழக்குப் போடவும் வழியில்லை. அவருடைய காணிப் பிரச்சினை வேறு மூன்று வேடங்களில் வரும்: வெளியேற்றல் விண்ணப்பமாக, சமாதானக் குலைவு அறிக்கையாக, அத்துமீறிப் பிரவேசித்த குற்றமாக. மூன்றும் வந்து சேருவது ஒரே மண்டபத்துக்கு. பிற்காலத்தில் நீங்கள் கம்பனிக்குக் குத்தகை எழுதினாலும், பிரதேச சபைக்கு ஆலோசனை சொன்னாலும், வீடமைப்புத் திட்டத்துக்கு உறுதி முடித்தாலும், அந்த மண்டபத்தில் கண்டதுதான் கையில் நிற்கும்.

முதலில் உரித்தின் சங்கிலி

நீதிமன்றத்தில் எழுந்து நிற்பதற்கு முன் மனப்பாடமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்தைக் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டது. முடி அதைத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. அவர்களிடமிருந்து அது ஸ்டெர்லிங், ரூபாய்க் கம்பனிகளின் கைக்குப் போனது. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணி சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களை எடுத்துக்கொண்டது. இரண்டுமாக ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர். பிறகு அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை. 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள்; அந்த வருடத்திலிருந்து கணக்கிட்டு 53 வருடக் குத்தகை.

ஆகவே கம்பனி குத்தகைக்காரர்தான், உரித்தாளர் அரசு. வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றியே ஓடும். அரச காணிக்கு எதிராகப் பத்து வருட ஆட்சி உரிமை ஓடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது.

சட்டம் விட்டுவைத்த ஒரே கேள்வி

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டம் மலையகத்தில் அதிகம் புழங்கும் காணிச் சட்டம் என்றே சொல்வேன். தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர், இன்னார் அரச காணியில் அதிகாரமின்றி இருக்கிறார் என்று கருதினால் வெளியேறும்படி அறிவித்தல் கொடுப்பார். 30 நாளுக்குக் குறையாத அவகாசம். வெளியேறாவிட்டால் சத்தியக் கடதாசியோடு நீதவானிடம் விண்ணப்பம். நீதவான் அழைப்பாணை அனுப்பிக் காரணம் காட்டச் சொல்வார்.

புதிதாக வந்தவர் தடுமாறும் இடம் 9ஆம் பிரிவு. காரணம் காட்ட வந்தவர் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: எழுத்துச் சட்டமொன்றின்படி அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்து மூல அதிகாரமோ தன்னிடம் இருக்கிறது, அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அவ்வளவுதான். அதிகாரியிடம் சாட்சியம் கேட்க நீதவானுக்கே அதிகாரம் இல்லை. குறுக்கு விசாரணையில் கெட்டிக்காரர் என்று சட்டக் கல்லூரியில் வாங்கிய பெயருக்கு இங்கே வேலை கிடையாது.

ஒரு விண்ணப்பம் கூப்பிடப்படும் காலையைப் பாருங்கள். மலைக்குப் போகாமல் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் ஒரு அம்மா, கையில் முடிச்சுப் போட்ட சிலிசிலிப் பை. "ஐயா, எங்க தாத்தா கட்டுன வீடுங்க. தொரை கடுதாசி எல்லாம் இருக்குங்க." பையைப் பிரித்தால் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் போட்ட பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதி அட்டை, மின்சாரப் பட்டியல், ஓரத்தில் கறையான் அரித்த கடிதம் ஒன்று. அந்தக் கடிதத்தில் எப்போதோ இருந்த அத்தியட்சகர், லயத்துக்குப் பின்னால் ஒரு காம்பரா இறக்கிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். முதல் தடவை எழுந்து நிற்கிற கனிஷ்ட சட்டத்தரணி மூன்று தலைமுறைக் கதையைத் தொடங்குவார். நீதவான் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார்: "அனுமதிப்பத்திரம் இருக்கிறதா?"

பிறப்புச் சான்றிதழ் குடியிருப்பைக் காட்டும், அதிகாரத்தைக் காட்டாது. மின்சாரப் பட்டியலும் அப்படியே. துரையின் கடிதம் குத்தகைக் கம்பனியின் ஊழியர் தந்தது, அரசு தந்ததல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். பெரும்பாலும் அது எடுபடும். இந்தத் தோல்வியைப் பெஞ்சின் முன் நின்று ஒரு தடவை வாங்கியவர், பிறகு எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது கையெழுத்துப் போட்டவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதைத்தான். புத்தகத்தில் படித்தால் அது அந்தளவு பதியாது.

எனவே இந்த வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே, அந்த 30 நாளுக்குள் நடந்து முடிகிறது. அறிவித்தல் கையில் கிடைத்த அன்றே கட்சிக்காரர் உங்களிடம் வர வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்களையும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். அழைப்பாணை வந்த பிறகு ஓடி வருவதைத் தடுக்க வேறு வழியில்லை. வந்ததும் பார்க்க வேண்டியவை: அறிவித்தலில் கையெழுத்திட்டவர் இந்தக் காணிக்குத் தகுதிவாய்ந்த அதிகாரிதானா? அட்டவணையில் சொல்லும் எல்லைகள் இவர் இருக்கும் நிலத்தைத்தான் குறிக்கின்றனவா? அவகாசம் குறைந்திருக்கிறதா? கட்சிக்காரர் இருப்பது லயக் காம்பராவாக இருந்தால், தோட்டக் குடியிருப்புகள் பற்றி 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருப்பதையும் மறக்க வேண்டாம். அரச காணிச் சட்டத்தை எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியாகப் பயன்படுத்தும் பழக்கம் சில தோட்ட நிர்வாகங்களுக்கு உண்டு.

வெளியேற்றும் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு கிடையாது. மீளாய்வு மனு உண்டு. தானே சொந்தக்காரர் என்று கூறுபவர் கட்டளை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அரசுக்கு எதிராக உரித்து வழக்குப் போடலாம். அறிவித்தலையே குலைக்க வேண்டுமானால் நீதிப் பேராணை. அதை எங்கே கேட்பது?

எந்த நீதிமன்றம்?

இந்தக் கேள்விக்கு நாடு முழுவதற்கும் விடை தந்தது நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்று. இராகலை, ஹல்கரனோயாவிலுள்ள ஸ்டாபோர்ட் தோட்டத்தில் குடியிருந்த ஒருவருக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வந்தது. அவர் அதைக் குலைக்கும்படி கண்டியிலிருக்கும் மாகாண மேல் நீதிமன்றத்தில் பேராணை கேட்டார். தனக்கு நியாயாதிக்கம் இல்லை என்றது மேல் நீதிமன்றம். இருக்கிறது என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி உயர் நீதிமன்றம் இல்லை என்று முடித்தது. பிரதம நீதியரசர் மொஹான் பீரிஸ், நீதியரசர்கள் சிறீபவன், ஈவா வனசுந்தர மூவரும் தனித்தனியே எழுதினார்கள். அரச காணி 13ஆவது திருத்தத்தால் மாகாணத்துக்குக் கைமாறவில்லை, ஆகவே அது தொடர்பான பேராணையும் மாகாண நீதிமன்றத்துக்குரியதல்ல என்பது சாரம்.

அரசியலமைப்பு மாணவர்கள் இதை அதிகாரப் பகிர்வு வழக்காகப் படிக்கிறார்கள். நீங்கள் தோட்டத்தில் குடியிருந்தவர் பக்கமிருந்து படியுங்கள். மூன்று நீதிமன்றங்கள் ஏறி இறங்கியும், அவர் அந்த நிலத்தில் இருக்கலாமா என்பதை எந்தத் தீர்ப்பும் தீர்மானிக்கவில்லை. எந்த நீதிமன்றம் என்பதிலேயே வழக்கு முடிந்துபோனது. ஆகவே இன்று ஹட்டனிலிருந்து பேராணைக்குப் போவதென்றால் கொழும்பு, புதுக்கடை. அந்தச் செலவை முதல் நாளே கட்சிக்காரரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கண்டியில் முடித்துவிடலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பும் சட்டத்தரணி அவருக்கு நல்லது செய்யவில்லை.

66 வழக்கு

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவை எல்லோரும் "66 வழக்கு" என்றே சொல்வார்கள். மரக்கறிப் பாத்தி, மாட்டுக் கொட்டில், லயத்துக்கு நடுவே போகும் படிக்கட்டு, கான் ஓரத்தில் போட்ட வேலி. அடிதடி வரப்போகிறது என்று பொலிசார் அறிக்கை போடுவார்கள். போடாவிட்டால் தரப்பினரே நேரடியாகப் போகலாம். இங்கே உரித்து யாருக்கு என்ற கேள்வியே எழாது. அறிக்கை தாக்கல் செய்த நாளில் யார் உடைமையில் இருந்தார்? அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா? எல்லாம் சத்தியக் கடதாசியிலேயே தீரும்.

ஆகவே திகதிதான் வழக்கு. நம் மக்கள் "போன தீவாளிக்கு முந்தி", "காமன் கூத்து முடிஞ்ச வாரம்" என்று காலம் சொல்வார்கள். அதைத் திகதியாக்குவது உங்கள் வேலை. பொலிஸ் முறைப்பாட்டுப் பதிவின் பிரதியை எடுங்கள். அன்று தோட்டத்தில் வேலை நாளா, கைக்காசு நாளா என்று செக்ரோலைப் பார்க்கக் கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் பிந்தினால் கட்சிக்காரர் கையிலிருந்த நிலம் மற்றவருடைய உடைமையாகவே கட்டளை வரும். அதை மாற்ற மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கு.

குற்றவாளிக் கூண்டில் காணிச் சட்டம்

தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம், 433ஆம் பிரிவுகள், குற்றமுறையான அத்துமீறல். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் காம்பராவை விடாமல் இருந்தால் முன்பெல்லாம் இதையே பாவித்தார்கள். 1946இல் புளத்கொஹுபிட்டியவுக்குப் பக்கத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில், நம்மவர்கள் உருளவள்ளி என்று சொல்லும் தோட்டத்தில், கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் எடுத்த நிலத்தை விட்டுப் போக மறுத்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்மீது வழக்கு வந்தது. அந்த வருடம் மலையகமெங்கும் வேலைநிறுத்தம் நடந்ததற்கு அதுவும் காரணம். விவகாரம் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் புதிய சட்ட அறிக்கையின் 51ஆம் தொகுதி, 470ஆம் பக்கத்தில் காணலாம். உரிமை உண்டென்று நேர்மையாக நம்பி இருப்பவர், அந்த நம்பிக்கை சட்டப்படி தவறானாலும், உரியவருக்கு எரிச்சல் ஏற்படும் என்று தெரிந்திருந்த ஒரே காரணத்தால் குற்றவாளி ஆகமாட்டார். எரிச்சலூட்டுவதே முதன்மை நோக்கம் என்று வழக்குத்தொடுநர் நிரூபிக்க வேண்டும். இந்த ஒரு தீர்ப்பை வரி வரியாகப் படித்து வைத்திருங்கள். இன்றும் இது உதவாத மாதம் குறைவு.

மலை நம்பரும் லொட் நம்பரும்

சிரேஷ்டர் கட்டணம் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் காணியைப் போய்ப் பாருங்கள். நில அளவைப் படத்தில் லொட் 3 என்று இருக்கும். கட்சிக்காரர் "பணிய லயத்துக்குப் பின்னால, ஏழாம் நம்பர் மலைக்கு ஏறுற குறுக்குப் பாதைங்க" என்பார். தோட்டத்துக்கு ஆவணத்தில் ஸ்கொட்லாந்துப் பெயர், வாயில் தமிழ்ப் பெயர். டிவிசன்கள் சேர்ந்திருக்கும், பிரிந்திருக்கும். அளவையாளர் எல்லையாகக் குறித்த கான் மழையில் இடம் மாறியிருக்கும். இவற்றை ஒன்றோடொன்று பொருத்தத் தெரிந்த சட்டத்தரணி மிகச் சிலர். தெரிந்தவரின் மனுவில் அட்டவணை பிழைக்காது.

வழக்குப் பதிவேடு சிங்களத்தில் ஓடும். மொழிபெயர்ப்பாளர் முதலியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கட்சிக்காரர் சொன்னது பதிவில் எப்படி ஏறியது என்பதை நீங்களே வாசித்துப் பார்க்க வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரியாமல் மலையகத்தில் காணி வழக்கு நடத்த வராதீர்கள்.

இன்னொன்று. ஒரு தரப்புக்கு மட்டும் ஆஜராவது மனத்துக்கு நிம்மதிதான், தொழிலுக்கு நட்டம். வாய்ப்புக் கிடைத்தால் கம்பனிக்காகவும் இரண்டு மூன்று வழக்குப் பாருங்கள். அறிவித்தல் எப்படித் தயாராகிறது, எந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள் என்பது அங்கே இருந்தால்தான் தெரியும்.

முல்லோயாவிலிருந்து அமைச்சு வரை

இளமையில் பார்த்த வழக்கு ஒருவரை எங்கே கொண்டுபோகும் என்பதற்குக் கொல்வின் ஆர். டி சில்வாவைப் பாருங்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக்குழு முன் அவருடைய மனைவிக்காக ஆஜரானவர், அப்போது முப்பதுகளில் இருந்த கொல்வின். முப்பது வருடம் கழித்து, 1970இல், அவரே பெருந்தோட்டக் கைத்தொழில், அரசியலமைப்பு விவகார அமைச்சர். காணி சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் ஹெக்டர் கொப்பேகடுவவும் கண்டிச் சட்டத்தரணிதான்.

இதை வெறும் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. முல்லோயாவை நேரில் அறிந்தவர் அமைச்சரவையில் இருந்தும், அந்தச் சீர்திருத்தம் லயத்தில் இருந்தவருக்கு ஒரு பேர்ச்சஸ் நிலம் தரவில்லை. நிலம் அரசுக்குப் போனது. பல தோட்டங்களில் தொழிலாளர் துரத்தப்பட்டார்கள். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டது, நுவரெலியாவில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க எடுத்த முயற்சியை எதிர்த்தபோதுதான். நீதிமன்ற அனுபவம் கண்ணைத் திறக்கும். சட்டத்தின் அட்டவணையில் யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்பதை அது தானாகத் தீர்மானிப்பதில்லை.

பிறகு வரும் வேலை

கடந்த பத்து வருடத்தில் புதிய வேலை ஒன்று வந்திருக்கிறது. 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு, உறுதி. இப்போது பேசப்படும் அளவு 10 பேர்ச்சஸ். பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் வந்துவிட்டது. இந்த உறுதிகளை முடிக்கும் நொத்தாரிசுமாரில் 66 வழக்கு நடத்தியவர் யார், நடத்தாதவர் யார் என்பதை அட்டவணையைப் பார்த்தே சொல்லலாம். நடத்தாதவர் பரப்பளவையும் நான்கு எல்லையையும் எழுதி முடித்துவிடுவார். நடத்தியவர் மேல் வீட்டுக்குப் போகும் பாதை எவ்வளவு அகலம், மழைத் தண்ணீர் எந்தக் கானில் இறங்கும், தண்ணீர்க் குழாய் யார் காணிக்குள்ளால் வருகிறது என்று எழுதுவார். சாய்வான நிலத்தில் ஏழு பேர்ச்சஸ் வீடுகள் அடுக்கடுக்காக நிற்கும்போது அடுத்த தலைமுறையின் சண்டை இவற்றில்தான் வரும்.

சாய்வு என்றதும் மீரியபெத்தை நினைவுக்கு வர வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் முன்பே எச்சரித்திருந்தது. ஆகவே வீடமைப்புக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், உறுதிக்கு முதல் அந்த நிறுவகத்தின் அறிக்கையைக் கேளுங்கள். ஆபத்தான மண்ணுக்குச் சுத்தமான உறுதி முடித்துக் கொடுப்பது பாவம்.

கடலுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் கொடுத்த 99 வருடக் குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், கம்பனி தொழிலாளரை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கியது. வீட்டையும் நிலத்தையும் கேட்டு மக்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. குத்தகை முடிகிற காலத்தில் குடியிருப்பவரின் நிலை என்ன என்பதைக் குத்தகை எழுதியபோது யாரும் நினைக்கவில்லை.

நம் பிராந்தியக் கம்பனிகளின் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. அடுத்த குத்தகையை யாருக்கு, என்ன நிபந்தனையோடு கொடுப்பது, லயமும் பாத்தியும் கோயிலும் இருக்கும் துண்டுகளை அதிலிருந்து விலக்குவதா என்பதெல்லாம் அதற்குச் சில வருடம் முன்பே மேசைக்கு வரும். இப்போது சத்தியப்பிரமாணம் எடுக்கும் சட்டத்தரணிக்கு அன்று ஏறக்குறைய இருபது வருட அனுபவம் இருக்கும். அரசுக்கோ, கம்பனிக்கோ, தொழிலாளருக்கோ அந்த மேசையில் உட்காரப்போவது உங்கள் வயதுக்காரர்கள்தான். எனவே வருகிற திங்கட்கிழமை வழக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹட்டன் நீதவான் நீதிமன்றத்துக்குப் போங்கள். வெளியேற்றல் விண்ணப்பங்கள் கூப்பிடப்படும்போது பின் வரிசையில் இருந்து, ஒவ்வொருவரும் என்ன காகிதம் கொண்டுவந்தார், நீதவான் என்ன கேட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.